பெட்டிக்குள் இருக்கும் குடும்ப வரலாறு



இன்று நாம் பேசப்போகும் பாடத்துக்கு ஏடும் எழுதுகோலும் தேவையில்லை. உங்கள் வீட்டில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கிறதா என்று சற்று எண்ணிப் பாருங்கள். அது கட்டிலுக்கு அடியில் கிடக்கலாம். அலமாரிக்கு மேலே தூசி படிந்தும் இருக்கலாம். அதைத் திறந்தால் அந்துருண்டை வாடை வரும். உள்ளே சாயம் போன சேலை ஒன்று, நாலாக மடித்த வேட்டி ஒன்று, குழந்தைச் சட்டை ஒன்று, மஞ்சள் துணியில் முடிந்த பழைய காசு ஒன்று இருக்கும்.

"இந்தக் கந்தலை இன்னும் எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பாட்டிமார் அதற்குப் பெரும்பாலும் விளக்கம் சொல்வதில்லை. "இருக்கட்டும்" என்ற ஒரு சொல்லோடு மூடிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

வரலாறு என்றதும் நமக்கு ஏடுகளும் கல்வெட்டுகளும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோரில் மிகப் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் மற்றவர்களே. கப்பல் பட்டியலில் ஒருவர் பெயரை எழுதினார். தோட்டத்துச் செக்ரோலில் இன்னொருவர் எழுதினார். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் அமைந்த கதையும் உண்டு. அப்பன் பெயர் மாறிப்போன கதையும் உண்டு. தம் கையால் அவர்கள் நமக்கென்று வைத்துவிட்டுப் போனவை சிலவே. அவற்றுள் முதலிடம் துணிக்குத்தான்.

நம்மவர்கள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தார்கள் என்பதை முதலில் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழர்கள் திரளாகக் கொண்டுவரப்பட்டார்கள். சஞ்சிக்கூலி முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி முறை ஓங்கியது. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை இவ்வாறு அனுப்புவதைத் தடை செய்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்கள் பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கினார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரை இன்றும் பெரியவர்கள் வாயில் கேட்கலாம். 1970களின் தொடக்கம் வரை அது நம்மவர்களைச் சுமந்தது.

அந்தப் பயணத்துக்கு ஏழை ஒருவர் எதை எடுத்துவர முடியும்? நிலத்தைத் தூக்கிவர முடியாது. வீட்டைப் பெயர்த்துவர முடியாது. ஒரு மூட்டை, அல்லது ஒரு பெட்டி, அவ்வளவுதான். கப்பல் தட்டில் சேலைதான் விரிப்பு. சேலைதான் குழந்தைக்குப் போர்வை. பெண்கள் மறைவாக இருக்க வேண்டுமானால் சேலைதான் திரை. குலதெய்வக் கோயில் மண்ணை ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தவர்களும் உண்டு. அந்தப் பிடிமண்ணை வைத்துத்தான் பால்மரக் காட்டுக்குள் அவர்கள் கோயில் எழுப்பினார்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். நம் பாட்டனார் வருவதற்கு முன்பே, தமிழ்நாட்டுக் கரையின் துணி இந்த மண்ணுக்கு வந்துவிட்டது. மாலையில் தொழுகைக்குப் போகும் மலாய்க்கார அண்டைவீட்டாரைப் பாருங்கள். அவர் கட்டியிருக்கும் கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் 'காயின் பெலேகாட்' என்று பெயர். பெலேகாட் என்பது வேறெதுவும் இல்லை. சென்னைக்கு வடக்கே உள்ள நம் பழவேற்காடுதான். 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். அந்த வட்டாரத்துத் துணிகளைக் கப்பலில் ஏற்றி இந்தத் தீவுகளுக்குக் கொண்டுபோய், மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கிப் போனார்கள். தமிழர் நெய்த துணி மலாய்க்காரர் இடுப்பில் ஏறி, ஊர்ப்பெயரையும் தன்னோடு நிறுத்திக்கொண்டது. இன்று அந்தக் கைலி வேறு பல நாடுகளிலும் நெய்யப்படுகிறது. ஆனால் பெயர் மாறவில்லை. நாம் 'பெட்டி' என்பதை அவர்கள் 'பெத்தி' என்கிறார்கள். அதுவும் தமிழிலிருந்து போன சொல்தான். ஆகவே துணியும் பெட்டியும் நமக்கு முன்னே இங்கு வந்து காத்திருந்தன என்றுகூடச் சொல்லலாம்.

சரி, பெட்டியைத் திறப்போம். பாட்டியின் சேலை என்ன சொல்லும்?

முதலில் அது ஊரைச் சொல்லும். பருத்தி நூலில் கட்டங்கள் போட்டு, அகலமான கரை வைத்து, அரக்கு, மஞ்சள், கறுப்பு நிறங்களில் இருந்தால் அது செட்டிநாட்டுப் பக்கத்துக் கண்டாங்கியாக இருக்கலாம். உடல் முழுவதும் சிறுசிறு புள்ளிகள் இருந்தால் அது மதுரைச் சுங்குடியாக இருக்கலாம். அடுத்து அது கட்டிய முறையைச் சொல்லும். பழைய சேலை சில வீடுகளில் இன்றைய சேலையைவிட நீளமாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் காலத்துப் பாட்டிமார் கொசுவத்தை முன்னே வைக்காமல் பின்னே வைத்துக் கட்டினார்கள். அதைப் பின்கொசுவம் என்பார்கள். குனிந்து நாற்று நடவும், களை பிடுங்கவும், சுமை தூக்கவும் அந்தக் கட்டுதான் தோது. வயலில் பழகிய அதே கட்டோடுதான் அவர்கள் பால்மரத்தடியிலும் நின்றார்கள்.

மூன்றாவதாக, அது உழைப்பைச் சொல்லும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பெரட்டுக்குப் போவது நாம் அறிந்ததே. அந்தச் சட்டையின் முன்புறத்தில் கறுத்துப்போன திட்டுகள் இருக்கும். ரப்பர்ப் பால் துணியில் பட்டு உலர்ந்துவிட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழி இந்தக் கறையிடம் தோற்றுப்போகும். ஆனால் அந்தக் கறையைப் பார்த்து வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளின் பள்ளிச் சீருடை வெள்ளையாக இருந்ததற்குப் பெற்றோரின் சட்டையில் இருந்த அந்தக் கறைதான் காரணம்.

நான்காவதாக, அது தாய்மையைச் சொல்லும். ஆயாக்கொட்டகையில் வரிசையாகத் தொங்கிய சேலைத் தொட்டில்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அம்மா மரம் வெட்டப் போய்விடுவார். அவர் சேலையின் வாசனை குழந்தையைச் சுற்றி இருக்கும். குழந்தை உறங்கிவிடும்.

இவ்வளவும் துணியைப் பார்த்தால் தெரிபவை. ஆனால் துணியைப் பார்த்தால் மட்டும் தெரியாதவையும் உண்டு. அதற்கு நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

1980களின் நடுவில் ஒரு தோட்டம் கைமாறியது. லயத்து வீடுகளைக் காலி செய்ய நாள் குறித்துவிட்டார்கள். ஒரு வீட்டில் சாமான் கட்ட ஆள் போதவில்லை என்று நாங்கள் சிலர் உதவிக்குப் போயிருந்தோம். வாசலில் லாரி நின்றது. பள்ளிப் படிப்பை முடித்த பேத்தி ஒருத்தி பழைய தகரப் பெட்டியை வெளியே இழுத்துப் போட்டாள்.

"பாட்டி, புது வீட்டுல ரெண்டே அறைதான். இதை எரிச்சிடலாமா?"

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஓர் அரக்குக் கண்டாங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேத்தி அதை விரித்தாள். விரித்த வேகத்திலேயே அது முடிந்துவிட்டது. பாதிச் சேலைதான் இருந்தது. ஒரு பக்கம் முந்தானை. மறு பக்கம் கையால் கிழித்த விளிம்பு.

"என்ன பாட்டி, பாதிதான் இருக்கு? மிச்சம் எங்கே?"

"பக்கத்து வீட்டு அக்காவோட மண்ணுக்குள்ள போயிடுச்சு, கண்ணு."

அதன் பிறகு பாட்டி சொன்னவற்றை நாங்கள் அனைவரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டோம். ஜப்பான்காரன் காலம். 1942 முதல் 1945 வரை வெளிநாட்டுத் துணி வருவது நின்றுபோயிற்று. தோட்டத்து மக்கள் கோணிச் சாக்கை வெட்டி உடுத்தினார்கள். ரப்பர்த் தகட்டை உடையாகக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அவர் மனைவி கைக்குழந்தையோடு காய்ச்சலில் கிடந்து ஒருநாள் இறந்துபோனார். உடுத்தியிருந்தது சாக்கு. கோடித் துணி போட யார் வீட்டிலும் துணி இல்லை.

"சாக்கோட புதைக்க மனசு வரல. எங்க அம்மா ஊர்லேர்ந்து கொண்டுவந்த சேலை இது ஒண்ணுதான் இருந்துச்சு. பாதியாக் கிழிச்சு அக்காவுக்குப் போர்த்தினேன். மிச்சத்துல அந்தப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டினேன்."

"அந்தப் பிள்ளை எங்கே பாட்டி?"

"அதுதான் உன் பெரியப்பா."

பேத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரம் கழித்து, "பெரியப்பாவுக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியும். அவன் கேட்டான், சொன்னேன். நீங்க யாரும் கேக்கல."

அன்று லாரியில் முதலில் ஏறியது அந்தப் பெட்டிதான்.

நேயர்களே, "நீங்க யாரும் கேக்கல" என்று அந்தப் பாட்டி சொன்னதைத்தான் இந்தப் பேச்சு முழுவதும் நாம் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். துணி அடையாளத்தைக் காத்துவைக்கும். ஆனால் கதையைத் தானாகச் சொல்லாது. பாதிச் சேலையைப் பார்த்தவர்கள் கிழிந்த சேலை என்றுதான் எண்ணியிருப்பார்கள். கேட்ட பிறகுதான் அது ஒரு குடும்பம் உருவான கதை என்று தெரிந்தது. கேட்பதற்கு முன் பாட்டி கண்ணை மூடியிருந்தால் அந்தச் சேலை எரிந்து சாம்பலாகியிருக்கும். தன் குடும்பம் எப்படிப்பட்ட குடும்பம் என்பது அந்தப் பெண்ணுக்கு என்றைக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இடம் பெயர்ந்தவர்கள் தங்கள் நினைவைத் துணியில் காத்துவைப்பது உலகில் வேறு மக்களிடமும் உண்டு. ஆசியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். லாவோஸ் நாட்டு மலைகளில் மோங் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்களிடம் பரவலாக வழங்கிய எழுத்து இல்லை. அவர்கள் பெண்கள் பூத்தையலில் வல்லவர்கள். அந்தத் துணிக்கு அவர்கள் மொழியில் மலர்த் துணி என்று பொருள்படும் பெயர் உண்டு. 1975இல் போர் முடிந்து ஆட்சி மாறியபோது பல்லாயிரம் மோங் மக்கள் மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து அகதி முகாம்களுக்கு ஓடினார்கள். முகாமில் நிலமில்லை, உழவில்லை. கையில் ஊசியும் நூலும் இருந்தன. அதுவரை கோலம் போன்ற வடிவங்களைத் தைத்தவர்கள், அங்கே தங்கள் கதையையே படமாகத் தைக்கத் தொடங்கினார்கள். மலைச் சிற்றூர், சோளக் கொல்லை, கோழி, பன்றி, மேலே பறக்கும் போர் விமானம், துப்பாக்கி ஏந்திய வீரர்கள், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஆற்றை நீந்தும் தாயும் பிள்ளையும், கடைசியில் முகாமின் கூரைகள். எல்லாம் ஒரே துணியில். அவற்றை விற்றுக் குடும்பம் நடத்தினார்கள். அமெரிக்காவில் குடியேறிய பிறகு பிறந்த பிள்ளைகள், தங்கள் பெற்றோர் எதைக் கடந்து வந்தார்கள் என்பதை அந்தத் துணிகளைப் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டார்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டு நம் மதுரையிலேயே இருக்கிறது. சற்று முன் சுங்குடிச் சேலையைச் சொன்னோம். துணியைச் சிறுசிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்துப் பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள். முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழும். இந்தக் கலையை மதுரையில் வளர்த்தவர்கள் சௌராஷ்டிர மக்கள். அவர்களும் இடம் பெயர்ந்து வந்தவர்களே. பல நூற்றாண்டுகளுக்கு முன் குசராத்துப் பகுதியிலிருந்து தெற்கே வந்து, நாயக்க மன்னர் காலத்தில் மதுரையில் நிலைகொண்டார்கள். வீட்டில் இன்றும் தங்கள் மொழியைப் பேசுகிறார்கள். வெளியே தமிழ் பேசுகிறார்கள். அவர்கள் கைத்திறனில் உருவான சேலை 'மதுரைச் சுங்குடி' என்றே பெயர் பெற்றுவிட்டது. வந்தவர்களின் கலை, வந்த ஊரின் பெருமையாக மாறியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பெட்டியை மறுபடியும் பார்ப்போம். கண்டாங்கிக்கு மேலே என்ன இருக்கிறது? அம்மா வீட்டில் கட்டிய பாத்திக் சாரோங் இருக்கிறது. அப்பா உறங்கும்போது கட்டிய கட்டம் போட்ட கைலி இருக்கிறது. அண்ணன் திருமணத்துக்குப் போட்ட பாத்திக் சட்டை இருக்கிறது. தீமிதிக்குக் கட்டிய மஞ்சள் வேட்டி இருக்கிறது. இவற்றுள் எது நம்முடையது, எது பிறருடையது என்று பிரிக்க முடியுமா? சிலர் சேலையும் வேட்டியும் மட்டுமே நம் அடையாளம் என்பார்கள். வேறு சிலர் பழையதையெல்லாம் தூக்கி எறிந்தால்தான் முன்னேற்றம் என்பார்கள். பெட்டியோ இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்திருக்கிறது. அடியில் இருப்பது நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்கிறது. மேலே இருப்பது நாம் எங்கே வாழ்கிறோம் என்பதைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் நாம்.

இப்போது நம் முன்னே உள்ள ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தது. பின்னர் பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகளும் நெடுஞ்சாலைகளும் வந்தன. லயங்கள் இருந்த இடமே தெரியாமல் போன தோட்டங்கள் உண்டு. கோயில் இடம் மாறியது, பள்ளி இடம் மாறியது, சுடுகாடும் மறைந்தது. 'இதுதான் உன் தாத்தா வாழ்ந்த இடம்' என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு மரம்கூட இல்லாத பிள்ளைகள் இன்று வளர்கிறார்கள். அவர்களுக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெட்டிதான். ஆனால் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் முதலில் கழிக்கப்படுவதும் அதுவே.

ஆகவே நாம் என்ன செய்யலாம்? செலவில்லாத சில வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, கேளுங்கள். வீட்டில் மூத்தவர் ஓய்வாக இருக்கும் மாலை நேரத்தில் பெட்டியை அவர் முன்னே திறந்து வையுங்கள். இது யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்த நாளில் கட்டியது என்ற மூன்று கேள்விகள் போதும். வெறுமனே 'பழைய கதை சொல்லுங்கள்' என்றால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. கையில் துணியைக் கொடுத்தால் நினைவு தானே வரும். சொல்ல மனமில்லாத துயரம் இருந்தால் வற்புறுத்த வேண்டாம். இன்று சொல்லாதவர் வேறொரு நாள் சொல்லக்கூடும். கைப்பேசி இருந்தால் அவர் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, எழுதி வையுங்கள். ஒரு தாளில் பென்சிலால் எழுதித் துணியோடு வையுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறித் துணியில் படியும். அல்லது ஒரு வெள்ளை நாடாவில் பெயரையும் ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் நூலால் தைத்து ஓரத்தில் இணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, காப்பாற்றுங்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்த துணி பூசணம் பிடிக்கும். துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நல்லது. செய்தித்தாளில் சுற்றினால் துணி பழுத்துப்போகும். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியிலேயே துணி இற்றுப்போகும். சரிகைக்கு இது இன்னும் முக்கியம்.

நான்காவது, தைத்துப் பாருங்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி வைத்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டித் தைத்துக் 'காந்தா' என்னும் போர்வை செய்வார்கள். தையலுக்கு வேண்டிய வண்ண நூலையும் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வதுண்டு. நாமும் அப்படி ஒரு குடும்பப் போர்வை செய்யலாம். நல்ல நிலையில் உள்ள சேலையை வெட்ட வேண்டாம். ஏற்கெனவே கிழிந்தவற்றிலிருந்து ஒரு சாண் துண்டுகளாக எடுங்கள். பாட்டி சேலையில் ஒன்று, தாத்தா வேட்டியில் ஒன்று, அப்பாவின் பால்வெட்டுச் சட்டையில் கறையோடு ஒன்று, அம்மாவின் சாரோங்கில் ஒன்று, தொட்டில் துணியில் ஒன்று, உங்கள் பள்ளிச் சீருடையில் ஒன்று. இவற்றை இணைத்து நடுவில் பெயர்களைத் தையுங்கள். ஆண்பிள்ளைகளும் ஊசி பிடிக்கலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. மோங் மக்களிடையே கதைத் துணிக்குப் படம் வரைந்து கொடுத்தவர்களில் ஆண்களும் இருந்தார்கள்.

தமிழில் 'துணி' என்ற சொல்லுக்குத் துண்டிக்கப்பட்டது என்பது அடிப்படைப் பொருள். தறியிலிருந்து துணிக்கப்பட்டதால் அது துணியாயிற்று. நாமும் அப்படித்தான் ஒரு கரையிலிருந்து துண்டிக்கப்பட்டு வந்தோம். தோட்டம் துண்டாடப்பட்டபோது மறுபடியும் சிதறினோம். ஆனால் துண்டுகளை இணைக்க ஊசி இருக்கிறது. நூலும் இருக்கிறது. பஞ்சில் திரித்ததையும் நூல் என்கிறோம். படிக்கும் புத்தகத்தையும் நூல் என்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் நமக்கு விட்டுச்சென்ற நூல் அந்தப் பெட்டியில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.

இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்தப் பெட்டியைத் திறப்பீர்கள் என்று நம்புகிறோம்.